குதிரைமேல் எசெக்ஸ்: ஒரு தடைசெய்யப்பட்ட உருவத்தாளின் வரலாறு

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சோவியத் துறையில் காக்கப்பட்டுவரும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களுள் ஒன்று, போர்க்கோலத்தில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஓர் ஆங்கிலப் பிரபுவின் உருவத்தைக் காட்டுகிறது. குதிரையின் கால்களுக்குப் பின்னே நிலப்பரப்பு நிலப்படம்போல விரிந்து, அவர் போரிட்ட இடங்களான ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தையும் அட்லாண்டிக் பெருங்கடலின் அசோர்ஸ் தீவுகளையும் அயர்லாந்தையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவருகிறது. அவருடைய பட்டங்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்க, அடியில் அவரைப் போற்றும் செய்யுள் இடம்பெற்றிருக்கிறது. உருவத்துக்குரியவர் எசெக்ஸின் இரண்டாம் எர்ல் ஆன ராபர்ட் டெவரூ. செதுக்கியவர் தாமஸ் காக்ஸன் என்னும் லண்டன் கைவினைஞர். காலம் 1599-க்கும் 1600-க்கும் இடைப்பட்டது. கலைத்திறனை மட்டும் வைத்து மதிப்பிட்டால் இதை நடுத்தரமான வேலை என்றுதான் சொல்ல வேண்டும். அதே காலத்தில் ஆன்ட்வெர்ப்பிலும் ஹார்லெமிலும் செதுக்கப்பட்ட தகடுகளின் நுணுக்கத்துக்கு இது வெகுதூரம் பின்தங்கியது. ஆயினும் ஆங்கில அரசின் உச்ச மன்றமான பிரிவி கவுன்சில் கடைத்தெருவில் விற்கும் உருவப்படங்களைப் பற்றி ஆணை பிறப்பிக்கும் நிலை உருவானதில் இத்தாளுக்குப் பெரும்பங்கு உண்டு.

‘எர்ல்’ என்பது ஆங்கிலப் பிரபுக்களின் ஐந்து படிநிலைகளில் மூன்றாவது. மேலே டியூக்கும் மார்க்வெஸ்ஸும், கீழே வைகவுன்ட்டும் பேரனும் நின்றனர். வரிசையில் மூன்றாவதாக இருந்தாலும் எலிசபெத் அரசியின் இறுதிக் காலத்தில் அதன் எடை மிகுதி. நார்ஃபோக் டியூக் 1572-இல் தலை வெட்டப்பட்ட பிறகு அரசியின் ஆட்சி முடியும்வரை இங்கிலாந்தில் டியூக் ஒருவர்கூட இல்லை. மார்க்வெஸ் என்று இருந்தவரும் வின்செஸ்டர் குடும்பத்தவர் ஒருவரே. எனவே நடைமுறையில் எர்ல்களே அரச குடும்பத்துக்கு அடுத்த நிலையில் நின்றனர். டெவரூ குடும்பத்துக்கு எசெக்ஸ் எர்ல் பட்டம் கிடைத்தது 1572-இல்தான். தந்தை வால்டர் 1576-இல் டப்ளினில் இறந்தபோது பத்து வயதுச் சிறுவனாக ராபர்ட் அப்பட்டத்தையும் அதனோடு சேர்ந்த கடன்களையும் பெற்றார். அவருடைய தாய் லெட்டிஸ், அரசியின் நெருங்கிய நண்பரான லெஸ்டர் பிரபுவை மறுமணம் செய்துகொண்டது அரண்மனைக் கதவை அவருக்குத் திறந்துவிட்டது. 1587-இல் அரசியின் குதிரை லாயத்துக்குத் தலைமைப் பொறுப்பும், 1588-இல் கார்ட்டர் என்னும் உயரிய வீரர் குழுவில் இடமும், 1597-இல் அரச விழாக்களையும் குலச்சின்னங்களையும் கண்காணிக்கும் எர்ல் மார்ஷல் பதவியும் அவரை வந்தடைந்தன.

உருவத்தாள் எப்படி உருவாயிற்று என்பதை அறிந்தாலன்றி அது ஏன் அச்சமூட்டியது என்பது விளங்காது. தமிழ் வாசகருக்குச் செப்பேடு புதிதன்று. ஆனால் நிலக்கொடையைப் பதிந்துவைக்கும் செப்பேடு தானே படிக்கப்பட வேண்டிய ஆவணம், செதுக்கோவியத்தின் செப்புத் தகடோ படிக்கப்படுவதற்காக அன்றித் தாளில் பதிவதற்காகவே செதுக்கப்படுவது. சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தி, கல்லும் கரியும் கொண்டு கண்ணாடிபோல் மெருகேற்றிய தகட்டின்மேல் உருவத்தை இடவல மாற்றமாக வரைந்துகொண்டு, ‘பியூரின்’ எனப்படும் சாய்முனை எஃகு உளியை உள்ளங்கையால் தள்ளிக் கோடுகளைச் செதுக்குவார்கள். வளைகோடு வேண்டும்போது உளியைத் திருப்புவதில்லை. மணல் நிரப்பிய தோல் திண்டின்மேல் தகட்டை வைத்து, மற்றொரு கையால் தகட்டையே சுழற்றுவார்கள். எழுத்துகளையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றியே பொறிக்க வேண்டும். உளி தள்ளிய செப்புச் சுருளைச் சுரண்டி நீக்கியபின் தகட்டைச் சற்றுச் சூடாக்கி, கரியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துக் குழைத்த மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்துவிட்டால் கோடுகளின் குழிகளில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்துக் கம்பளித் துணியால் மூடி இரு உருளைகளுக்கிடையே அழுத்தும்போது, தாள் அக்குழிகளுக்குள் புகுந்து மையை எடுத்துக்கொண்டு வெளிவரும். தகட்டின் விளிம்பு தாளில் பதித்துவிடும் பள்ளக் கோடு, ஒரு படம் உண்மையான தகட்டுப்படியா என்பதை அறிய இன்றும் வல்லுநர்கள் முதலில் தேடும் அடையாளம்.

இவ்வகையில் ஒரு தகட்டிலிருந்து, கோடுகள் தேய்ந்து மங்குவதற்குள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை எடுக்கலாம். வண்ண ஓவியம் ஒரு மாளிகையின் ஒரு சுவரில் தொங்கும். அதைப் பார்ப்பவர் யார் என்பதை மாளிகையின் காவலன் தீர்மானிப்பான். செப்புத் தகட்டின் படியைப் பார்ப்பவர் யார் என்பதை எவரும் தீர்மானிக்க இயலாது. மேலும், புத்தகம் அச்சிடும் எழுத்து அச்சகமும் தகடு அச்சிடும் உருளை அச்சகமும் வெவ்வேறு கருவிகள். அவற்றை இயக்கியவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். 1557-இல் அரசாணை பெற்ற ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்னும் அச்சாளர் சங்கத்தின் பதிவேட்டுக்குள்ளும், நூல்களுக்கு முன் அனுமதி வழங்கும் அதிகாரத்தைக் கான்டர்பரி பேராயருக்கும் லண்டன் ஆயருக்கும் அளித்த நட்சத்திர மன்றம் என்னும் அரச நீதிமன்றத்தின் 1586-ஆம் ஆண்டு ஆணையின் பிடிக்குள்ளும் தனித்தாள் உருவங்கள் எளிதில் அகப்படவில்லை. கட்டுப்பாட்டின் வலை நூலுக்காகப் பின்னப்பட்டது. படம் அதன் கண்களினூடே நழுவியது.

செப்புச் செதுக்கல் இங்கிலாந்துக்குத் தாமதமாக வந்த கலை. தாமஸ் ஜெமினஸ் என்னும் பிளெமிஷ் கைவினைஞர் 1545-இல் லண்டனில் வெளியிட்ட உடற்கூற்று நூலின் தகடுகள் அங்கே அக்கலையின் தொடக்க நாட்களைச் சேர்ந்தவை. ஒரு தலைமுறை கழித்து, கிறிஸ்டஃபர் சாக்ஸ்டனின் 1579-ஆம் ஆண்டு நிலப்படத் தொகுதிக்காகப் பிளெமிஷ் அகதிகளோடு ஆங்கிலேயர் சிலரும் உளி பிடித்தனர். உள்நாட்டவருள் முதலில் பெயர் பெற்றவர் வில்லியம் ரோஜர்ஸ். அவர் செதுக்கியவற்றுள் அரசி எலிசபெத்தின் உருவங்கள் புகழ்பெற்றவை. அவற்றுள் ஒன்றுக்கு ‘தேர்ந்தெடுக்கப்பட்ட ரோஜா’ என்று பொருள்படும் ‘ரோசா எலெக்டா’ என்னும் இலத்தீன் தலைப்பு அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட என்னும் அந்தச் சொல் பின்னால் வரும் வழக்குக்குத் தேவைப்படும்.

எசெக்ஸ் புகழை நாடியவர் மட்டுமல்லர், புகழ் எவ்வாறு பரவுகிறது என்பதைக் கவனித்தவரும் ஆவார். போரில் காயம்பட்டு இறந்த கவிஞரும் வீரருமான சர் பிலிப் சிட்னிக்கு 1587 பிப்ரவரி 16 அன்று லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் நடந்த இறுதி ஊர்வலத்தில் அவரும் கலந்துகொண்டார். அந்த ஊர்வலத்தைத் தாமஸ் லான்ட் வரைய, தியோடர் டி பிரை செதுக்க, தகடு தகடாகத் தொடரும் நீண்ட சுருளாக 1588-இல் அது வெளியாயிற்று. அரச குடும்பத்தைச் சேராத ஒருவரின் சாவு இவ்வளவு விரிவாகச் செப்பில் ஏறியது அந்நாட்டில் அதற்குமுன் நிகழாதது. சிட்னி தம் சிறந்த வாளை எசெக்ஸுக்கு எழுதிவைத்திருந்தார். சிட்னியின் கைம்பெண்ணான பிரான்சஸ் வால்சிங்ஹாமை எசெக்ஸ் 1590-இல் மணந்தார். வாளோடும் மனைவியோடும் சேர்த்து, களத்தில் நிற்கும் வீரன் என்னும் பொதுமக்கள் மனத்தின் காலியிடத்தையும் அவர் தமதாக்கிக்கொள்ள முனைந்தார் என்று சொல்வது மிகையாகாது.

1596 கோடையில் காடிஸ் நகரைக் கைப்பற்றிய படையெடுப்பு அதற்கு வாய்ப்பளித்தது. வெற்றியில் கடற்படைத் தலைவர் சார்ல்ஸ் ஹோவர்டுக்கும் சமபங்கு இருந்தும், எசெக்ஸ் தம் செயலர் ஹென்றி கஃப் மூலமாகத் தம் பங்கை முதன்மைப்படுத்தும் ஒரு விவரணத்தை வேறொருவர் எழுதியதுபோல் அச்சேற்ற முயன்றார். செய்தி கசிந்து, அரசி வெளியீட்டைத் தடுத்துவிட்டார். அப்பயணத்தின்போது வளர்த்த சதுரவடிவத் தாடியோடு அவர் திரும்பினார் என்பதும், மார்க்கஸ் கீராட்ஸ் இளையவர் தீட்டிய முழுவுருவ ஓவியத்தில் அந்தத் தாடியோடு அவர் நிற்கப் பின்புலத்தில் காடிஸ் எரிகிறது என்பதும் சிறு செய்திகள் அல்ல. தாடியே ஒரு வெற்றிச் சின்னமாயிற்று. அடுத்த ஆண்டின் அசோர்ஸ் பயணம் ஸ்பானிய வெள்ளிக் கப்பல்களைத் தவறவிட்டுத் தோல்வியில் முடிந்தது. ஆனால் செதுக்கோவியத்தில் அசோர்ஸும் வெற்றியின் வரிசையிலேயே இடம்பெற்றது. தகட்டில் தோல்விக்கு இடமில்லை.

1599 மார்ச் 27 அன்று, பதினாறாயிரம் காலாட்படையும் ஆயிரத்து முந்நூறு குதிரைப்படையும் தமக்கு ஒதுக்கப்பட்டிருக்க, டைரோன் எர்ல் ஹ்யூ ஓ’நீலின் கிளர்ச்சியை ஒடுக்க எசெக்ஸ் லண்டன் தெருக்களின் ஆரவாரத்தினூடே அயர்லாந்துக்குப் புறப்பட்டார். அவ்வாண்டிலேயே, அரச வணிகக் கூடத்துக்கு அருகிலிருந்த போப்ஸ் ஹெட் சந்தில் கடை வைத்திருந்த ஜான் சட்பரி, பாப்டிஸ்டா போவாசியோவின் அயர்லாந்து நிலப்படத்தைச் செப்பில் செதுக்கிய தாளாக விற்றார். போர்ச்செய்தியைப் பின்தொடர விரும்பியவர்களுக்கு நிலப்படமும் போர்த்தலைவரின் உருவமும் ஒரே வகைச் சரக்கு. ஆனால் களத்தில் நடந்தது வேறு. தெற்கே அலைந்து படையைக் கரைத்த எசெக்ஸ், செப்டம்பரில் ஓர் ஆற்றின் துறையில் டைரோனோடு தனித்துப் பேசி உடன்படிக்கை செய்துகொண்டு, அனுமதியின்றி இங்கிலாந்து திரும்பி, செப்டம்பர் 28 காலையில் சேறு படிந்த உடையுடன் நான்சச் அரண்மனையில் அரசியின் படுக்கையறைக்குள் நுழைந்தார். அன்றே தொடங்கிய காவல் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது.

காக்ஸனின் தாள் விற்பனைக்கு வந்தது அந்தக் காவலின்போதுதான் என்பதே இவ்வரலாற்றின் திருப்பம். பிளஷிங் கோட்டையின் ஆளுநரான ராபர்ட் சிட்னிக்கு அரண்மனைச் செய்திகளை எழுதியனுப்பிக்கொண்டிருந்த ரோலண்ட் வைட், 1600-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதிய மடலொன்றில், எவனோ ஒரு மூடத்தனமான தெருப்பாட்டுக்காரன் எசெக்ஸின் குதிரைமேல் அமர்ந்த உருவங்களை அவருடைய பட்டங்கள், பணிகள், மிகையான புகழ்ச்செய்யுள் ஆகியவற்றோடு அச்சிட்டுவிட்டதாகவும், அச்சொற்களின் காரணமாகவே அவை திரும்பப் பெறப்பட்டுவருவதாகவும் குறிப்பிடுகிறார். எசெக்ஸின் நலம் விரும்பிய வைட், பழியைப் பெயரற்ற பாட்டுக்காரன்மேல் இறக்கிவைப்பது கவனிக்கத்தக்கது. வீட்டுக்காவலில் இருந்து மன்னிப்பை எதிர்பார்த்துக்கொண்டிருந்த பிரபுவுக்கு அந்நேரத்தில் இத்தாள் உதவியன்று, ஊறு.

செய்யுளில் இருந்த குற்றம் என்ன? வீரம், அறிவு, கண்ணியம் ஆகியவற்றைப் புகழ்வது பிரபுக்களுக்கு எழுதப்படும் எந்தச் சமர்ப்பணத்திலும் காணப்படும் வழக்கமான முகமன். ஆனால் இத்தாள் அத்தோடு நிற்காமல், எசெக்ஸ் கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்னும் பொருள்பட முழங்கியது. கடவுளின் தேர்வு என்பது அரியணையின் உரிமைக்குரிய மொழி. ரோஜர்ஸின் தகட்டில் அரசிக்கு உரியதாக இருந்த அந்த அடைமொழி, வாரிசு இல்லாமல் அறுபத்தாறு வயதை எட்டியிருந்த அரசியின் நாட்டில், படைவீரர்களின் அன்பைப் பெற்ற ஒரு பிரபுவுக்குச் சூட்டப்படும்போது அது வெறும் முகமனாக இருக்க முடியாது. தமிழ் மரபில் இதற்கு நிகரான ஒன்றைச் சொல்வதானால், முதலாம் ராஜராஜன் காலம் முதல் சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் வெற்றிகளை வரிசைப்படுத்திப் பாடும் மெய்க்கீர்த்தியைச் சொல்லலாம்: அது அரசனுக்கே உரியது. காக்ஸனின் தாள் வடிவத்தாலும் உள்ளடக்கத்தாலும் ஒரு மெய்க்கீர்த்தி. பட்டங்களின் அடுக்கு, கொண்ட ஊர்களின் பட்டியல், தெய்வ அருளின் குறிப்பு ஆகிய மூன்றும் அதில் உண்டு. குதிரையும் அதே பொருளைத்தான் சொன்னது. ரோமப் பேரரசர்களின் சிலைகள் தொடங்கி, குதிரைமேல் அமர்ந்த உருவம் என்பது ஆளுகையின் வாய்பாடாகவே ஐரோப்பியக் கலையில் இருந்துவந்தது.

எலிசபெத்தின் அரசு உருவங்களின் ஆற்றலை நன்கு அறிந்திருந்தது. அரசியின் முகத்தை யார் எப்படித் தீட்டலாம் என்பதை வரையறுக்க 1563-லேயே ஓர் அறிவிப்பின் வரைவு எழுதப்பட்டது. 1596-இல் பொருந்தாத உருவப்படங்களைத் தேடிச் சிதைக்குமாறு பிரிவி கவுன்சில் ஆணையிட்டது. திறமையற்றோர் தீட்டிய அரசியின் படங்கள் உடைத்து நெருப்பிலிடப்பட்டதை வால்டர் ராலே தம் உலக வரலாற்று நூலின் முன்னுரையில் நினைவுகூர்கிறார். எழுத்துலகிலும் அதே இறுக்கம் நிலவியது. 1599 ஜூன் முதல் நாள் பேராயர் விட்கிஃப்டும் ஆயர் பேன்கிராஃப்டும் அங்கத நூல்களைத் தடைசெய்து, ஆங்கில வரலாற்று நூல்கள் பிரிவி கவுன்சிலின் அனுமதியின்றி அச்சாகக் கூடாதென்றனர். அரியணை இழந்த இரண்டாம் ரிச்சர்டின் வீழ்ச்சியைக் கூறும் நூலை எசெக்ஸுக்குச் சமர்ப்பித்த ஜான் ஹேவர்டு 1600 ஜூலையில் சிறை சென்றார். எசெக்ஸ் தம் போர்க்கொள்கையை விளக்கி எழுதிய தற்காப்புரை அவ்வாண்டில் அவர் அனுமதியின்றியே அச்சாகிப் பறிமுதலானது. அச்சில் எசெக்ஸின் பெயர் எங்கு தோன்றினும் அங்கே அரசின் கை நீண்டது.

1600 ஆகஸ்ட் 26 அன்று எசெக்ஸ் காவலிலிருந்து விடுவிக்கப்பட்டார், அரண்மனைக்கு வரும் உரிமை மட்டும் மறுக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று, பிரிவி கவுன்சில் கான்டர்பரி பேராயருக்கு ஒரு மடல் அனுப்பியது. பிரபுக்களின் உருவங்களைச் செம்பில் செதுக்கித் தாளில் அச்சிட்டுத் தகாத செய்யுள்களோடு விற்கும் வழக்கம் அண்மையில் பரவிவருகிறது, இவ்வாறு பொதுவில் உருவத்தை வெளியிடுவது மாட்சிமை தங்கிய அரசிக்கு மட்டுமே தகும், ஆதலால் ஏற்கெனவே வெளியானவற்றைத் திரும்பப் பெறுவதோடு இனிப் பேராயரின் ஒப்புதலின்றி எதுவும் செதுக்கி விற்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நூலுக்காகப் பின்னிய வலையைப் படத்துக்கும் விரிக்க முனையும் இம்மடல், உருவத்தாள் வணிகத்தைப் பற்றிய மிகச் சிறந்த சான்றாகவும் அமைந்துவிட்டது; தடைசெய்யும் அளவுக்கு அவ்வணிகம் வளர்ந்திருந்தது என்பதை அதை ஒடுக்க நினைத்தவர்களே எழுதிவைத்தார்கள். குதிரையேறிய உருவங்களும் எசெக்ஸோடு நின்றுவிடவில்லை. நாட்டிங்ஹாம் எர்ல் ஆகிவிட்ட சார்ல்ஸ் ஹோவர்டு, கம்பர்லண்ட் எர்ல் ஜார்ஜ் கிளிஃபர்டு, அயர்லாந்தில் எசெக்ஸின் இடத்துக்குச் சென்ற மவுன்ட்ஜாய் பிரபு ஆகியோரையும் காக்ஸனின் உளி குதிரைமேல் ஏற்றியிருந்தது. ஒருவரை மட்டும் தடைசெய்தால் அவரை மேலும் உயர்த்தியதாகும். எல்லோரையும் தடைசெய்வதில் அந்த இடர்ப்பாடு இல்லை.

அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1600 செப்டம்பர் இறுதியில் முடிவுற்ற இனிப்பு மதுவகைகள்மீதான சுங்கக் குத்தகையை அரசி புதுப்பிக்க மறுத்தார். அதுவே எசெக்ஸின் வருமானத்தின் அச்சாணி. 1601 பிப்ரவரி 8 அன்று சில நூறு ஆட்களோடு லண்டன் நகருக்குள் புகுந்து மக்களைத் தம் பக்கம் அழைத்தார். அவர் உருவத்தை வாங்கியவர்களும் அவர் குதிரையேறிச் சென்றபோது ஆரவாரித்தவர்களும் வாழ்ந்த அதே தெருக்களில் ஒருவரும் அவரோடு சேரவில்லை. பிப்ரவரி 19-இல் விசாரணை, 25-இல் லண்டன் கோட்டைக்குள் தலைவெட்டு, வயது முப்பத்தைந்து. செயலர் கஃப் அடுத்த மாதம் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார்.

அரசி 1603-இல் இறந்து ஜேம்ஸ் அரசரானதும் எசெக்ஸின் பெயர் மீண்டும் சொல்லத்தக்கதாயிற்று. அவர் மரணத்தைப் பாடும் ஒற்றைத்தாள் பாட்டுகள் விற்றன. அவருடைய மகனுக்குப் பட்டம் திரும்பக் கிடைத்தது. ஹென்றி ஹாலண்ட் 1620-இல் வெளியிட்ட ‘ஹெரோலோஜியா ஆங்கிலிகா’ என்னும் உருவத்தொகுதியில், வான் டி பாஸ் குடும்பத்தின் வில்லமும் மக்டலேனாவும் செதுக்கிய சீர்திருத்தச் சமயத்துச் சான்றோர் வரிசையில் எசெக்ஸும் இடம்பெற்றார். இருபது ஆண்டுக்கு முன் பறிமுதல் செய்யப்பட்ட முகம், இலத்தீன் வாழ்க்கைக் குறிப்போடு நூலகத்துக்குள் நுழைந்தது; ஆனால் இம்முறை குதிரை இல்லை, மார்பளவு உருவம் மட்டுமே. மகனான மூன்றாம் எர்ல் உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையின் தலைவரானபோது, தந்தைக்கு மறுக்கப்பட்ட குதிரையேறிய உருவத்தாள்கள் அவருக்குப் பலவாக அச்சாயின. அப்போது தடுப்பதற்குப் பிரிவி கவுன்சிலுக்கு லண்டனில் அதிகாரமில்லை.

குதிரை நிலைத்திருக்க முகம் மட்டும் மாறும் விந்தையையும் இவ்வணிகம் கண்டது. செம்பு விலை மிகுந்தது. செதுக்கிய தகடு கடைக்காரரின் முதலீடு. உருவத்துக்குரியவரின் புகழ் மங்கினால் தகட்டை எறியாமல் முகத்தைத் தட்டிச் சமப்படுத்தி, வேறு முகத்தைப் பொறித்து விற்பார்கள். பியர் லொம்பார் என்னும் பிரெஞ்சுச் செதுக்குநர் 1655-ஐ ஒட்டி லண்டனில், ஓவியர் வான் டைக் தீட்டிய அரசர் முதலாம் சார்ல்ஸின் ஓவியத்தைத் தழுவிச் செதுக்கிய பெரிய தகடு இதற்குப் பெயர்போனது: தலையில்லாத வீரனாகவும், நாடாளுமன்றத் தரப்பின் தலைவர் கிராம்வெல்லாகவும், பிரான்சின் பதினான்காம் லூயியாகவும், மீண்டும் கிராம்வெல்லாகவும், இறுதியில் சார்ல்ஸாகவும் அத்தகடு தலைமாறியது. தகட்டில் மாற்றம் செய்த ஒவ்வொரு கட்டத்தையும் அச்சோவிய ஆய்வாளர்கள் ‘நிலை’ என்பர். முதல் நிலை, இரண்டாம் நிலை என்று எண்ணிடுவது அத்துறையின் அடிப்படை இலக்கணம். தகட்டின் அடியில் காணப்படும் இலத்தீன் சொற்களும் அவ்வாறே: ‘பிங்க்ஸிட்’ என்றால் ஓவியம் தீட்டியவர், ‘ஸ்கல்ப்ஸிட்’ என்றால் செதுக்கியவர், ‘எக்ஸ்குடிட்’ என்றால் வெளியிட்டு விற்றவர்.

பிற்காலப் பிரபுக்கள் எசெக்ஸ் கற்ற பாடத்தை வேறு வகையில் கையாண்டனர். அருண்டெல் எர்ல் தாமஸ் ஹோவர்டு 1636-இல் கொலோன் நகரில் சந்தித்த வென்ஸெஸ்லாஸ் ஹோலரைத் தம்மோடு இங்கிலாந்துக்கு அழைத்துவந்து தம் கலைச்செல்வங்களைச் செப்பில் பதிவுசெய்வித்தார். கடைக்காரன் கையில் விடாமல் செதுக்குநரையே வீட்டில் வைத்துக்கொள்வது பாதுகாப்பான வழி. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், பல்லுள்ள கருவியால் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, ஒளி வேண்டிய இடங்களில் மட்டும் தேய்த்தெடுக்கும் மெஸோடின்ட் முறை இங்கிலாந்துக்கு வந்தது. லுட்விக் வான் சீகன் 1642-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிவைத்த அம்முறை இங்கிலாந்தில் வேரூன்றி, ஐரோப்பாவில் ‘ஆங்கில முறை’ என்றே பெயர்பெற்றது. ஓவியர் நெல்லர் தீட்டிய, கிட்-கேட் என்னும் லண்டன் கழகத்தைச் சேர்ந்த பிரபுக்களின் படங்களை ஜான் ஃபேபர் இளையவர் 1730-களில் மெஸோடின்டாக வெளியிட்டபோது, பிரபுவின் முகம் தாளில் விற்பது குற்றமாக எவருக்கும் தோன்றவில்லை.

எசெக்ஸ் தாளுக்கு அடுத்த ஆபத்து அரசிடமிருந்து வரவில்லை, அன்பர்களிடமிருந்து வந்தது. பழைய உருவங்களைச் சேகரிக்குமாறு 1689-இல் ஜான் ஈவ்லின் சாமுவேல் பெப்பிஸுக்கு எழுதினார். பெப்பிஸ் சேர்த்தவை கேம்பிரிட்ஜ் மாக்டலன் கல்லூரியில் உள்ளன. ஆனால் அதைப் பித்தாக மாற்றியவர் ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் ஷிப்லேக் ஊரின் பங்குத்தந்தையான ஜேம்ஸ் கிரேஞ்சர். ஹொரேஸ் வால்போலுக்குச் சமர்ப்பித்து 1769-இல் அவர் வெளியிட்ட ‘இங்கிலாந்தின் வாழ்க்கை வரலாறு’, உண்மையில் செதுக்கிய உருவங்களின் பட்டியல். மனிதர்களைப் பன்னிரண்டு வகுப்புகளாகப் பிரித்த அந்நூலில், முதல் வகுப்பில் அரச குடும்பமும் மூன்றாம் வகுப்பில் பிரபுக்களும் நிற்க, நீண்ட ஆயுளாலோ உடல் விந்தையாலோ குற்றத்தாலோ பெயர்பெற்ற எளியோர் பன்னிரண்டாம் வகுப்பில் அமர்த்தப்பட்டனர். சமூகத்தின் ஏணியை அலமாரியின் தட்டுகளாக மாற்றிய நூல் அது. அது வெளியானபின் சில காசுகளுக்குக் கிடந்த முகத்தாள்களின் விலை ஏறியது. அவற்றைப் பெறுவதற்காகப் பழைய நூல்களின் முகப்புப் படங்கள் வெட்டியெடுக்கப்பட்டன. ஒரு நூலின் பக்கங்களுக்கிடையே தொடர்புள்ள படங்களைச் செருகி, ஒரு தொகுதியைப் பத்துத் தொகுதியாகப் பெருக்கும் பழக்கத்துக்கு ‘கிரேஞ்சராக்கம்’ என்று அவர் பெயரே அமைந்தது. அலெக்சாண்டர் சதர்லண்டும் அவர் மனைவி சார்லட்டும் உள்நாட்டுப் போரைப் பற்றிய கிளாரண்டனின் வரலாற்று நூலை இவ்வாறு 19,000-க்கும் மேற்பட்ட படங்களால் பெருக்கினர். 1837-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொடையாகச் சென்ற அத்தொகுப்பு 61 பெருந்தொகுதிகளை நிரப்பியது.

இச்சேகரிப்பாளர்கள் தேடியது முகத்தை. ஏட்டில் ஒட்டுவதற்கு வசதியாக ஓரங்களையும் பட்டங்களையும் செய்யுள்களையும் கத்தரிக்க அவர்கள் தயங்கவில்லை. பிரிவி கவுன்சில் முகத்தைவிடச் சொற்களுக்கே அதிகம் அஞ்சியது. சேகரிப்பாளரோ சொற்களை வெட்டிவிட்டு முகத்தைப் போற்றினார். சொல்லும் குதிரையும் நிலமும் ஒன்றுசேர்ந்தபோதே எசெக்ஸின் தாள் பொருள்பட்டது என்பதால், முழுமையாக எஞ்சியுள்ள படியின் மதிப்பு கலைச்சந்தை சொல்லும் மதிப்பைவிட உயர்ந்தது. 1808-இல் அமைந்த பிரிட்டிஷ் அருங்காட்சியக அச்சோவியப் பிரிவு, தன்னிடமுள்ள செதுக்கிய பிரித்தானிய உருவங்களுக்கு ஃப்ரீமன் ஓ’டொனஹ்யூ தொடங்கிய விளக்கப்பட்டியலை 1908 முதல் 1925 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. அகரவரிசையில் பெயர்களை அடுக்கிச்செல்லும் அப்பட்டியலில் பிரபுவும் பாடகரும் மருத்துவரும் திருடனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றனர். கிரேஞ்சரின் ஏணி அங்கே கழற்றப்பட்டுவிட்டது.

தகட்டில் டி, சி என்னும் ஆங்கில முதலெழுத்துகள் பின்னிய அடையாளக் குறியைப் பயன்படுத்திய தாமஸ் காக்ஸன் 1600-ஆம் ஆண்டின் தடைக்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்தார். தேம்ஸ் ஆற்றில் படகோட்டிப் பிழைத்த கவிஞர் ஜான் டெய்லரின் நூல்கள் 1630-இல் பெருந்தொகுதியாக வெளிவந்தபோது, அதன் முகப்புத் தகட்டைச் செதுக்கியவர் அவரே.